வரிசையில் நடாத மரங்கள்

தணிகாசலம் யாரையும் நம்பாதவர். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பால்காரன் ஊற்றின பாலை அவன் கண்ணெதிரிலேயே விரலில் தொட்டுப் பார்ப்பார். பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். படிக்கத் தெரியாது, இருந்தாலும் பார்ப்பார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, யாருக்குப் போட்டோம் என்று கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தச் செங்கம்மா ஒருத்தியைத்தான் கொஞ்சம் நம்பினார், அதுவும் பாதிதான். அவள் செத்துப்போய் மூன்றாவது மாங்காய்ப் பருவம் வந்துவிட்டது. இப்போது அந்தப் பாதியும் இல்லை.

நகரிப் பக்கம் விஜயபுரம் தாண்டி, மலை இறங்கி வந்து முடிகிற இடத்தில் அவருடைய நிலம். கீழ்ப்பாதி மாந்தோப்பு. மேல்பாதி கல்லும் முள்ளுமான சரிவு. அந்தச் சரிவில்தான் செம்மரங்கள் நின்றன. முதலை முதுகு மாதிரி வெடித்த கறுப்புப் பட்டை. கத்தி பட்டால் ரத்தம் மாதிரி கசியும். கட்டையைத் தண்ணீரில் போட்டால் கல் மாதிரி முழுகும். ஊரில் யாராவது என்ன மரம் என்று கேட்டால், "வேங்கை" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மகள் தரணி புருஷனோடு ஓசூரில் இருந்தாள். தினமும் சாயங்காலம் போன் வரும்.

"நைனா, துன்னியா?"

"துன்னேன்."

"இன்னா துன்ன?"

"சோறு."

"இன்னா கொழம்புன்னு கேட்டா சொல்லமாட்டியா?"

"இன்னா, போலீசா நீ?"

அவள் சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்று, வழக்கமான பேச்சு வரும். "ஒண்டியா எதுக்கு அங்க கெடக்குற? இங்க ஒரு ரூமு சும்மாதான் கீது. வந்துடு நைனா."

அவருக்குப் போக ஆசைதான். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல், ஒருநாள் பல்லி கத்தினதற்கு "இன்னா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். கிழவன் கெட்டுப்போகிறதற்கு அதுதான் முதல் அடையாளம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மரத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது? அவர் இல்லாத நேரத்தில் எவனாவது அறுத்துக்கொண்டு போனால், திருடினவனைப் பிடிக்க மாட்டார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நீதான் விற்றாய் என்று இவர் கையில்தான் விலங்கு மாட்டுவார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருடைய கனம் மடியில்கூட இல்லை, மண்ணில் வேர்விட்டு நின்றது. இறக்கி வைக்கவும் முடியாது, தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

"மரத்த மொறப்படி பர்மிஷன் வாங்கி அறுத்து அனுப்பிட்டா, மறுநாளே வரேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். அதை ஒரு சத்தியம் மாதிரி அவளும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மரங்களை அவர் நட்ட விதம் வேறு மாதிரி. அப்போது தரணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். புத்தூர்ப் பக்கம் ஒரு பணக்காரர் செம்மரத்தை நூல் பிடித்த மாதிரி வரிசையாக நட்டு, கம்பி வேலி கட்டி, போர்டும் வைத்திருந்தார். மரம் தேறின வருஷம், ஆட்கள் வந்து வரிசையாகவே அறுத்துக்கொண்டு போனார்கள். போர்டு மட்டும் நின்றது. தணிகாசலம் போய் அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் செங்கம்மாவிடம், "வரிசையா நட்டா அது திருடனுக்குப் பந்தி பரிமாறுன மாதிரி" என்றார்.

அதனால் அவர் ஒரு கல்லை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வீசுவார். அது விழுந்த இடத்தில் குழி வெட்டுவார். ஒரு கல் முள் புதருக்குள் விழும், ஒரு கல் பாறை இடுக்கில் விழும். எங்கே விழுந்ததோ அங்கே ஒரு செடி. பார்க்கிறவன் கண்ணுக்கு, மலைக்காடு கொஞ்சம் கீழே வழிந்து அவர் நிலத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுகிறதற்கும் ஒரு வழி கண்டார். சாயங்காலம் செங்கம்மா இடுப்பில் குடத்தோடு சரிவில் ஏறி, "லச்சுமி... ஏ லச்சுமி... ப்பா, ப்பா" என்று ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போவாள். காணாமல் போன ஆட்டைத் தேடுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அவர்களிடம் ஆடே கிடையாது. இரண்டு கோடைகாலம் அந்த இல்லாத ஆட்டை அவள் தேடினாள். செடி பிழைத்துக்கொண்டது. எந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்று அடங்கல் கணக்கு எழுத வந்த வி.ஆர்.ஓ.விடமும் வேங்கை என்றே சொன்னார். அவரும் நிழலில் நின்றபடியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தை பிறந்த கையோடு திருப்பதியிலிருந்து கோவர்த்தனன் என்று ஒரு ஆள் வந்தான். லைசென்ஸ் வைத்துக்கொண்டு, பட்டா நிலத்துச் செம்மரத்தை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் ஒற்றை நாமம். தணிகாசலம் முதலில் அவன் வண்டி நம்பரைப் பார்த்தார், அப்புறம் செருப்பைப் பார்த்தார், கடைசியாகத்தான் மூஞ்சியைப் பார்த்தார்.

கோவர்த்தனன் ஒரு மரத்தின் பட்டையைச் சின்னக் கத்தியால் லேசாகச் சீவி, உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "அலை ஓடுது பெரியவரே" என்றான். "நேரா போற மரம் நெறைய கீது. இப்டி ஏரித் தண்ணி மாதிரி அலை ஓடுற மரம் நூத்துல ஒண்ணு. ஜப்பான்காரன் இதுக்குத்தான் காத்துக்கினு கீறான்."

"அவனுக்கு எதுக்கு? கட்டில் செய்யவா?"

"வாத்தியம் செய்யறான்." போனை எடுத்து ஒரு படம் ஓட்டினான். ஒரு பொம்பளை மண்டிபோட்டு உட்கார்ந்து, நீளக் கழுத்தும் மூன்று தந்தியும் உள்ள ஒரு வாத்தியத்தை, சட்டுவம் மாதிரி அகலமான ஒன்றால் தட்டித் தட்டி வாசித்தாள். "கழுத்து பாருங்க, செவப்பு. தந்திய எவ்ளோ இழுத்துக் கட்டினாலும் வளையாது. அதுக்கு இந்த மரந்தான் வேணுமாம்."

தணிகாசலம் போனைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்டார். பக்கத்தில் பாட்டுப் பாட ஆள் இல்லை, தாளம் போட ஆள் இல்லை. அவள் ஒருத்தி மட்டும். "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார்.

"யாரும் சாகல. பாட்டே அப்டித்தான்."

"சரி. எப்ப அறுக்கற?"

"நானா? பர்மிஷன் வந்தாத்தான் கை வெப்பேன். இது மாங்கா இல்ல, பங்காருபாளையம் மண்டிக்கு ட்ராக்டர்ல ஏத்தினு போறதுக்கு. இந்த மரம் அழியக்கூடாதுன்னு உலகத்துல கீற நாடெல்லாம் ஒண்ணா கூடி சட்டம் போட்டுக்கீது. காட்டுல தானா மொளச்ச மரம் கப்பல் ஏறக்கூடாது. மனுஷன் நட்டு வளத்ததுன்னா ஏறலாம். ஃபாரஸ்ட்காரங்க வந்து பாத்து, நட்டதுதான்னு எழுதி, ஒவ்வொரு கட்டைக்கும் சுத்தியல் முத்திரை அடிச்சிக் குடுக்கணும். மனுஷனுக்குப் பாஸ்போர்ட் மாதிரின்னு வெச்சிக்கோங்க. எங்க பொறந்தது, யாரு வளத்தது, எல்லாம் வேணும்."

"எனுக்கே பாஸ்போர்ட் இல்ல. மரத்துக்கு வேணுமா?"

"நீங்க ஜப்பான் போறீங்களா?"

"நான் ஓசூருக்குப் போவணும்" என்றார் தணிகாசலம். அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

மனு கொடுத்து, சித்தூருக்கு அலைந்து, மாசி பிறந்து ஃபாரஸ்ட் ரேஞ்சர் ரமணா வந்தார். தெலுங்குக்காரர், ஆனால் தமிழும் தெரிந்தவர். வேட்டைநாய் மாதிரி சரிவு முழுக்க மேலும் கீழும் நடந்தார். ஒவ்வொரு மரத்துக்கும் நாடா பிடித்துச் சுற்றளவு எடுத்தார். எடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே கேட்டார்.

"இவி எவரு பெட்டாரு தாத்தா? யார் வெச்சது?"

"நான்தான். நானும் என் பொண்டாட்டியும்."

"அடங்கல்ல வேங்கைன்னு இருக்கு."

"அப்டி சொல்லி எழுத வெச்சேன்."

"ஏன்?"

"திருடன் வருவான்னு."

"சரி. ஆள் வெச்ச மரம்னா லைன் இருக்கும் தாத்தா. இடைவெளி இருக்கும். இது காடு மாதிரியே இருக்கு. ஒண்ணு பாறைமேல, ஒண்ணு முள்ளுக்குள்ள. ஏன் இப்படி வெச்சீங்க?"

"நான் வெச்சதுன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான்."

ரமணா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "அப்ப நீங்க ஜெயிச்சிட்டீங்க தாத்தா. எனக்கும் நீங்க வெச்சதாத் தெரியல."

தணிகாசலத்துக்கு முகம் கறுத்தது. "நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

"நான் நம்பறேன். நம்பறது வேற, எழுதறது வேற. அடங்கல் வேற சொல்லுது, நெலம் வேற சொல்லுது, நீங்க வேற சொல்றீங்க. நீங்க நடும்போது பார்த்தவங்க யாராவது, பக்கத்து நெலத்துக்காரங்க, வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டா நான் மேல அனுப்புவேன். இல்லேன்னா காட்டு மரம்னுதான் எழுதணும். எழுதிட்டா அப்பறம் மாத்த முடியாது." அவர் குரல் இறங்கியது. "பதினஞ்சு நாள் டைம் தரேன். ஒரு ஆளைக் கொண்டுவாங்க. ஒரே ஒரு ஆள்."

ஒரே ஒரு ஆள். தணிகாசலம் அன்று மாந்தோப்பில் உட்கார்ந்து யோசித்தார். நிலத்துக்கு ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் ரோடு. மனுஷன் என்று இருந்தது நாலாவது பக்கம் மட்டும். அங்கே தேவேந்திரன். அவன் அப்பன் காலத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. தணிகாசலத்தின் அப்பா நிலத்திலேயே அண்டை வெட்டிக் கூலி வாங்கினவர்கள். தேவேந்திரன் சம்பாதித்து, வாங்கி, கிணறு வெட்டி, இப்போது நெல்லும் வேர்க்கடலையும் போட்டிருந்தான். இத்தனை வருஷமாக வரப்புக்கு வரப்பு பக்கத்தில் இருந்தும், இருவரும் பேசினது தண்ணீர் வாய்க்கால் பேச்சு மட்டும். அவன் வீட்டு வாசலை இவர் மிதித்ததில்லை.

அவனாவது பார்த்திருப்பானா? பார்க்கக்கூடாது என்றுதானே அத்தனையும் செய்தது. பார்க்காதவனைப் போய்ப் பார்த்தேன் என்று சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டால் என்ன விலை சொல்வான்? அந்த ஒரே யோசனையோடு நாள்களைத் தள்ளி, கெடு நெருங்கின பிறகு ஒரு காலையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தேவேந்திரன் பெண்டாட்டி வெங்கடலட்சுமி களத்தில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாங்க, மழை வருமா இன்னிக்கி?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "நம்ம வூட்டுக்கு யாரு வந்துகீறாரு பாரு."

தேவேந்திரன் வந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். தணிகாசலம் அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நீ பாத்திருக்க மாட்ட. ஆனாலும் பாத்தேன்னு ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார்.

வெங்கடலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"எதுக்கு சிரிக்கறா உன் பொண்டாட்டி?"

"பெரியவரே" என்றான் தேவேந்திரன், "ரெண்டு வெயில்காலம் நாங்க, எங்க அம்மா, கழனியில நாத்து நட வந்த பொம்பளைங்க, எல்லாரும் பாத்துக்கினுதான் இருந்தோம். இல்லாத ஆட்ட ஒருத்தி கொடத்தோட தேடறா. கொடம் போவும்போது கனமா போவுது, வரும்போது லேசா வருது. ஆட்டுக்கா தண்ணி?"

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கும் எங்க தெருவுல யாராச்சும் தெரிஞ்ச விஷயத்த மறைச்சிப் பேசினா, 'செங்கம்மா ஆட்டத் தேடறா'ன்னுதான் சொல்லுவோம்" என்றாள் வெங்கடலட்சுமி. "எம் பேத்திகூட சொல்லுது. அதுக்குச் செங்கம்மா யாருன்னே தெரியாது."

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

"அது செம்மரம்னு?"

"மரத்தப் பாத்தா தெரியாதா? மலையோரத்துலயே பொறந்தவங்க நாங்க." என்றான் தேவேந்திரன். "ஒரு வருசம் ஒரு வேன்ல ஆளுங்க வந்து எங்க அம்மாவக் கேட்டாங்க, அந்தச் சரிவுல கீறது இன்னா மரம்னு. வேங்கைன்னிச்சி. டீக்கடையில கேட்டாங்க. அவனும் வேங்கைன்னான். நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டு ஒளிச்சி வெச்சிக்கினு கீறீங்க, நாங்க எதுக்கு கெடுக்கணும்னு."

தணிகாசலம் வரப்புக்கு அந்தப் பக்கம் தன் சரிவைப் பார்த்தார். இத்தனை வருஷம் எந்த ஊரிடமிருந்து மரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாரோ, அந்த ஊர் அவருக்காக அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய சமாசாரம்தான். ஆனால் அவருக்கு, ஆள் இருக்கிற வீட்டுக்கு வெளியே நின்று ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு ராப்பகலாகக் கதவைத் தட்டாமலே இருந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அப்ப நல்லதாப் போச்சி" என்றார். "நெஜமாவே பாத்தவன் நீ. கையெழுத்துப் போடு."

"அது முடியாது."

"ஏன்? இன்னா வேணும் சொல்லு."

"ஒண்ணும் வேணாம். என் தம்பி கருப்பனத் தெரியுமில்ல? மூட்ட தூக்கற வேலன்னு கூப்ட்டாங்க, போனான். லாரில கீறது இன்னான்னுகூட அவனுக்குத் தெரியாது. ஸ்டேஷன்ல ஒரு காயிதத்துல கையெழுத்து வாங்கினாங்க. வருசம் எட்டாச்சி, இன்னும் திருப்பதி கோர்ட்டுக்கு வாய்தா வாய்தான்னு போய்க்கினு கீறான். பொண்ணு குடுத்தவங்க பொண்ணக் கூட்டிக்கினு போயிட்டாங்க." தேவேந்திரன் குரலில் கோபம் இல்லை. "செம்மரம்னு எழுதின காயிதத்துல எங்க வூட்டுப் பேரு இனிமே ஏறாது பெரியவரே. நல்ல காயிதமோ, கெட்ட காயிதமோ. வாயால கேட்டா யார்கிட்ட வேணா சொல்றேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

தணிகாசலம் எழுந்தார். துண்டை உதறினார். நம்பக்கூடாது என்று தெரிந்துதானே வந்தோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தச் சமாதானம் அன்றைக்கு ருசிக்கவில்லை. அவன் பக்கத்து நியாயம் அவருக்கே புரிந்தது.

வாசல் வரைக்கும் கூட வந்த தேவேந்திரன், "உங்களுக்கு இன்னா, ஓசூர் போவணும், அவ்ளோதானே?" என்றான். "போங்க. மரம் நிக்கட்டும். நான் பாத்துக்கறேன். இத்தன வருசம் பாத்த மாதிரி."

ரமணா காட்டு மரம் என்றே எழுதினார். எழுதும்போது, "சாரி தாத்தா" என்றார். கோவர்த்தனன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். மரங்கள் அவை முளைத்த விதத்திலேயே, யாரும் நடாதவையாக நின்றன.

பங்குனி வெயில் ஏறியது. தரணி போனில் அழ ஆரம்பித்தாள். "நீ வரல்லன்னா நான் வேலய விட்டுட்டு அங்க வந்து குந்திக்குவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள், ஆத்தா மாதிரி. மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் காலையில் தணிகாசலம் இரண்டு வேட்டியும் செங்கம்மா படமும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். தோப்பு கேட்டின் பூட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டினார்.

"இத வெச்சிக்கோ" என்று தேவேந்திரன் கையில் கொடுத்தார். கொடுத்த கை சாவியைச் சட்டென்று விடவில்லை. தேவேந்திரன் பொறுமையாக நின்றான். பிறகுதான் விட்டது.

"தைரியமா போங்க. மாங்கா எறக்கறப்ப போன் பண்றேன்."

நகரியில் பஸ் மாறி, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வெயில் தலைக்கு மேலே இருந்தது. ஓசூர்ப் பக்கம் போகிற வண்டி வரக் கொஞ்சம் நேரம் இருந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே ஒரு குடும்பம் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருந்தது. ஒரே டப்பாவிலிருந்து புளிசாதத்தை ஒருத்தருக்கொருத்தர் ஊட்டிக்கொண்டு, சந்தனம் பூசின தலைகளைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இவரிடமும் ஒரு உருண்டை நீட்டினாள். "துன்னாச்சி" என்றார். துன்னவில்லை.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டான் என்றால், இத்தனை வருஷம் கணக்கும் போட்டிருப்பான் இல்லையா? கையெழுத்து ஏன் போடவில்லை? போட்டிருந்தால் மரம் ஜப்பானுக்குப் போயிருக்கும். போடாததால் மரம் இங்கேயே நிற்கிறது, அவன் கையில் சாவியோடு. தம்பி மூட்டை தூக்கப் போனானாம், என்ன மூட்டை என்று தெரியாதாம். போங்க போங்க என்று அவன் ஏன் அவ்வளவு சொன்னான்?

இதெல்லாம் கிறுக்கு யோசனை என்று அவருக்கே தெரிந்தது. இருந்தாலும் சோற்றில் விழுந்த முடி மாதிரி, கண்டுபிடித்துவிட்ட பிறகு அதைத் தாண்டி ஒரு வாய் இறங்கவில்லை. ஓசூர் வண்டி வந்தது. கண்டக்டர் கிருஷ்ணகிரி, ஓசூர் என்று தொண்டை கிழியக் கத்தினான். தணிகாசலம் எழுந்து, படிக்கட்டு வரைக்கும் போய், கம்பியைப் பிடித்தார். பின்னால் நின்றவன், "ஏறுறியா, இல்ல வழிய விடுறியா தாத்தா?" என்றான். அவர் வழியை விட்டார்.

நகரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

நிலத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது மலைப்பக்கம் சாய்ந்திருந்தது. கேட்டின் பூட்டு திறந்து கிடந்தது. சரிவில், மரங்களுக்கு நடுவில், ஒருத்தன் குனிந்து நின்றான். கையில் கொடுவாள். மரத்தின் அடியில் வெட்டுகிற சத்தம் கேட்டது.

"டேய்!" தணிகாசலத்தின் குரல் மலையில் மோதித் திரும்பியது. "திருட்டு நாயே! ஒரு நாளு... ஒரு நாளுகூட பொறுக்க முடியலியாடா உனுக்கு?"

தேவேந்திரன் நிமிர்ந்தான். அவனைச் சுற்றி, மரத்தின் அடியில், காய்ந்த புல் வட்டமாகச் சீவப்பட்டிருந்தது. முறம் மாதிரி சுத்தமான மண் வட்டம். அதற்கு மேலே இருந்த மரத்துக்கும் அப்படி ஒரு வட்டம். அதற்கும் மேலே இருந்ததற்கும். பாதிச் சரிவு வரைக்கும் ஒவ்வொரு மரமும் அதனதன் வட்டத்துக்குள் நின்றது. வெங்கடலட்சுமி சீவின புல்லை வாரிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள ஓசூரு வந்துடுச்சா பெரியவரே?" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "கிட்டக்கத்தான் போல."

"மலையில அங்கங்க தீ வெச்சிட்டாங்க" என்றான் தேவேந்திரன். "பொகை தெரியுது பாருங்க. புல்லு வழியா தீ எறங்கினா மரம் போயிடும். அதான் சுத்தி சீவி விட்டோம்."

தணிகாசலம் மலையைப் பார்த்தார். புகை தெரிந்தது. வாயைத் திறந்தார். "நான்... கண்ணாடிய மறந்துட்டேன்" என்றார். "எடுத்துக்கினு போவலாம்னு..."

கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது.

தேவேந்திரன் சிரிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். கையில் கொடுக்காமல், பக்கத்தில் இருந்த பாறைமேல் வைத்தான். கொடுவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பை நோக்கி இறங்கினான். வெங்கடலட்சுமி கட்டின புல்லை அவிழ்த்து அங்கேயே போட்டுவிட்டு அவன் பின்னால் போனாள். எதையும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது இல்லையா.

மறுநாள் விடிந்ததும் தணிகாசலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மிச்ச மரங்களுக்கு வட்டம் சீவப் போனார். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. மத்தியானத்துக்குள் மூன்று மரம் ஆனது. அவர் சீவின வட்டம் கோணலாக இருந்தது. நடுநடுவே வரப்புப் பக்கம் பார்த்தார். அவன் வந்தால் இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான். அவன் வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருமுறை, "மோட்டாருக்கு கரண்ட் வந்துடுச்சா?" என்று இவர் சத்தமாகக் கேட்டார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் சத்தத்தில் கேட்கவில்லை போலும்.

சாயங்காலம் போன் அடித்தது.

"நைனா! நேத்து ராத்திரி வரைக்கும் அவரு பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு வந்தாரு. போன ஏன் அணைச்சி வெச்ச? எங்க கீற நீ?"

"வூட்டுலதான்."

"கெளம்பவே இல்லியா?"

அவர் போனை அடுத்த கைக்கு மாற்றினார். கை முழுக்க மண்ணாக இருந்தது. "இன்னும் பர்மிஷன் வரல தரணி" என்றார்.

"அது முடிஞ்சி போச்சின்னு சொன்னியே. மறுபடியும் இன்னா பர்மிஷன்? யாரு குடுக்கணும்? சொல்லு, நானே நேர்ல வந்து கேக்கறேன்."

தணிகாசலம் வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தேவேந்திரன் மோட்டாரை நிறுத்திவிட்டு, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். இப்போது கூப்பிட்டால் கேட்கும்.

"நீ வர வேணாம்" என்றார் மகளிடம். "நான் பாத்துக்கறேன். நீ துன்னியா?"

"நான் துன்னேன். நீ இன்னா துன்ன?"

தேவேந்திரன் கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தான். அவன் தென்னைகளைத் தாண்டி மறைகிற வரைக்கும் இவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சோறு" என்றார்.